முதல் வேலைக்குப் போகும் செவிலியருக்கு: டபுள் டூட்டியும் சம்பளக் கணக்கும்

கேள்வி இது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்ட ஒரு தங்கை அடுத்த மாதம் சென்னையில் 250 படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் சேரப்போகிறாள். சம்பளம் 18,000 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அதில் 3,500 பிடிப்பார்களாம். கல்விக்கடன் 3 லட்சம், வட்டி 10 சதவீதம். அப்பா விழுப்புரம் பக்கத்தில் கரும்பு வெட்டப் போகிறவர். அவளுடைய தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. "ஆறு மாதத்தில் இந்த வேலையே வெறுத்துப்போகும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். வெறுத்துப்போகாமல் இருப்பது எப்படி? இந்தச் சம்பளத்தில் கடனையும் வீட்டையும் எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறாள். கடைசியில் ஒரு வரி: "முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் தங்கத்தில் ஏதாவது வாங்கலாமா, அக்கா?"

அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

இருபத்தொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொடங்கி, சவூதியில் ஆறு வருடம் இருந்துவிட்டு, இப்போது திருச்சியில் வார்டு இன்சார்ஜ். புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பழக்குவதும் என் பொறுப்புதான். வெறுத்து ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன், நிலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நீ சோர்வையும் பணத்தையும் தனித்தனிக் கேள்வியாகக் கேட்டிருக்கிறாய். வார்டில் இரண்டும் ஒரே முடிச்சு. அந்த முடிச்சின் பெயர் டபுள் டூட்டி: ஒரு ஷிஃப்ட் முடிந்த கையோடு அடுத்த ஷிஃப்டிலும் நிற்பது. கையில் காசில்லாதவள் டபுள் டூட்டிக்குத் தலையாட்டுகிறாள். தூக்கம் கெடுகிறது, கை தடுமாறுகிறது, எல்லார் முன்னிலையிலும் திட்டு விழுகிறது, வேலை கசக்கிறது. வேறு இடம் தேடலாம் என்றால் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கக் காசில்லை. அதனால் மறுபடியும் டபுள் டூட்டி.

என் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம். பகல் டூட்டி முடியும் நேரத்தில் இரவுக்கு வரவேண்டியவள் வரவில்லை. அண்ணனின் கடைக்காக வீட்டில் வாங்கிய கந்துக்கு நான்தான் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தேன். கூடுதலாகக் கிடைக்கும் காசு கண்ணில் நின்றது. சரி என்றேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பெரியவரின் நரம்பில் செருகியிருந்த கானுலாக் குழாயை அலசிவிட ட்ரேயில் இருந்த பத்து மில்லி ஆம்பூலை உடைத்தேன். டிஸ்டில்டு வாட்டர் என்று நினைத்து உடைத்தது பொட்டாசியம் குளோரைடு. இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி பிளாஸ்டிக். சிரிஞ்சில் ஏற்றியும்விட்டேன். பக்கத்தில் இருந்த ஆயாம்மா, "இந்தக் குப்பியை எதற்கம்மா தனியாகப் பூட்டிவைக்கச் சொல்வார்கள்?" என்று காலி ஆம்பூலைப் பார்த்துக் கேட்டார். நேராக நரம்பில் செலுத்தியிருந்தால் அந்தப் பெரியவரின் இதயம் நின்றிருக்கும். சிரிஞ்சைக் கொட்டிவிட்டுக் கழிவறைக்குள் போய் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே பத்து நிமிடம் ஆயிற்று.

அன்று நான் கவனக்குறைவான பெண் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, உடம்பு அப்படித்தான் என்று. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் மூளையும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல வேலை செய்கின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. 24 மணி நேரமானால் 0.10 சதவீதம். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லை 0.03. அதாவது டபுள் டூட்டியின் பிற்பாதியில் இருப்பவளைப் போலீஸ்காரர் ஸ்கூட்டர் ஓட்டவே விடக்கூடாது. நாமோ அவள் கையில் இன்சுலின் சிரிஞ்சைக் கொடுத்துவைத்திருக்கிறோம். அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்தி 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டூட்டி பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காவது தெரிந்தது.

ஆகவே என் முதல் யோசனை பணத்தைப் பற்றியது: சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் 30,000 ரூபாய் சேர்த்துவிடு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'முடியாது பணம்'. இன்சார்ஜ் கேட்கும்போது "முடியாது சிஸ்டர், நேற்றும் நான்தான் நின்றேன்" என்று நடுங்காமல் சொல்ல உதவும் பணம். சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் மூன்று மாதம் சிக்கனமாக இருந்து வேறு வேலை தேட ஏறக்குறைய அது போதும். நகை வாங்குவது, மேற்படிப்புக்குப் பணம் சேர்ப்பது, கடனை முன்கூட்டி அடைப்பது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்கிருந்து சேர்ப்பது என்பாய். கணக்குப் போடுவோம். 18,000-இல் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வை. வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், 1,440 ரூபாய். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135 ரூபாய். விடுதியும் சாப்பாடும் 3,500. கைக்கு வருவது 12,925. தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். இதில் வீட்டுக்கு 5,000, கடன் வட்டிக்கு 2,500, உன் கைச்செலவுக்கு 2,500, சேமிப்புக்கு 2,500 என்று பிரித்தால் 425 மிஞ்சும். அந்த 425-ஐ எதற்கும் ஒதுக்காதே. ஏதாவது ஒன்று வந்தே தீரும். ஒருமுறை யூனிஃபார்ம் கிழியும், ஒருமுறை தோழிக்குக் கல்யாணம்.

சேமிக்கும் 2,500-ஐ சம்பளம் ஏறிய மறுநாளே அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பில் போட்டுவிடு. சம்பளக் கணக்கிலேயே விட்டுவைத்தால் இருபதாம் தேதி அது காணாமல் போயிருக்கும். நகைக்கடைச் சீட்டு வேண்டாமா என்றால், நகை வாங்கவே அது சரி. அவசரத்துக்குக் காசாகத் திரும்பி வராது. வார்டில் யாராவது ஒருவர் நடத்தும் சீட்டில் சேரச் சொல்லி நிச்சயம் கூப்பிடுவார்கள். பதிவு செய்யாத சீட்டு அது. நடத்துகிறவர் நல்லவராகவே இருக்கலாம், எடுத்தவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டால் அவரால் என்ன செய்ய முடியும்? நான் 22,000 ரூபாய் அப்படி விட்டிருக்கிறேன். இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து, கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடன் செயலி, இந்த இரண்டின் பக்கமே போகாதே. இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பிடித்தம் என்றதும் முகம் சுளிக்காதே. நீ போடும் அளவுக்கு நிர்வாகமும் தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். அதில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். வேலை மாறும்போது எல்லாரும் செய்யும் தவறு, அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிப்பது. எங்கே வேலை செய்தாலும் உன் வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண் ஒன்றுதான், கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள். அந்தக் கணக்கோடு ஒரு காப்பீடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பணியில் இருக்கும்போது உனக்கு ஏதாவது நேர்ந்தால் சம்பளத்தைப் பொறுத்து அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை வாரிசுக்குக் கிடைக்கும். அதற்கு நீ ஒரு பைசாவும் கட்டுவதில்லை. ஆனால் வாரிசின் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே அம்மா பெயரைப் பதிந்துவிடு.

சம்பளம் 21,000-க்குள் இருக்கும்வரை ஈ.எஸ்.ஐ. உண்டு. உன்னை நம்பியிருக்கும் அம்மா அப்பாவையும் அதில் சேர்க்கலாம். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை என்றால் நம் பிள்ளைகளே மூக்கைச் சுளிக்கிறார்கள். அப்பாவின் கண்புரையைத் தனியாரில் எடுத்துவிட்டு அப்புறம் கடனோடு வந்து நிற்கிறவர்களும் அவர்களேதான். நோய் விடுப்புக்கு 70 சதவீத ஊதியம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். சேர்ந்த புதிதில் உடனே கிடைக்காது. குறிப்பிட்ட நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் இந்த இரண்டு பிடித்தமும் இருக்கிறதா என்று முதல் மாதமே பார். சீட்டே தராத இடம் என்றால் உஷாராக இரு.

கல்விக்கடனுக்கு வருகிறேன். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பது பொதுவான விதி. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். 3 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 2,500. இந்த ஓராண்டில் அந்த வட்டியையாவது கட்டிவந்தால் அசலோடு அது சேராது. தவணை விடுப்புக் காலத்தில் வட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீதம் சலுகை தரும் வங்கிகளும் உண்டு; கேட்டால்தான் சொல்வார்கள். குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, விடுப்புக் கால வட்டியை ஏற்கும் மத்திய அரசின் மானியத் திட்டமும் இருக்கிறது. உன் கல்லூரிக்கு அது பொருந்துமா என்று கிளை மேலாளரிடம் வருமானச் சான்றோடு போய்க் கேள்.

தவணை தொடங்கும்போது மேலாளர் எத்தனை ஆண்டு என்று கேட்பார். பெரும்பாலும் "சீக்கிரம் முடித்துவிடு" என்றுதான் எல்லாரும் புத்தி சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்கிறேன். படிப்புக் காலத்து வட்டியும் சேர்ந்து நிற்கும் தொகை மூன்றரை லட்சம் என்று வை. ஏழு ஆண்டுக்குக் கட்டினால் மாதம் 5,810. பத்து ஆண்டுக்கு 4,625. பத்து ஆண்டில் மொத்தமாக ஏறத்தாழ 67,000 ரூபாய் கூடுதலாகப் போகும், உண்மைதான். ஆனால் முதல் இரண்டு வருடத்தில் மாதம் 1,185 ரூபாய் இறுக்கம் குறைவது, இரண்டு டபுள் டூட்டி குறைவதற்குச் சமம். நீண்ட காலத்தைத் தேர்ந்துகொள். சம்பளம் கூடியதும் கையில் இருப்பதை அசலில் கட்டு. கல்விக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. தவணையை மட்டும் ஒருமுறைகூடத் தவறவிடாதே. கடன் வரலாற்றைப் பதியும் சிபில் கணக்கில் விழும் கறை உன்னோடு அப்பா பெயரிலும் விழும். அவர் இணைக் கடனாளி.

இனி வீடு. இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம், ஏனென்றால் நானே பத்து வருடம் தவறாகச் செய்தேன். சம்பளம் முழுவதையும் அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் அண்ணனிடம் முந்நூறு ரூபாய் கேட்டு நிற்பேன். வீட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. 18,000 சம்பளம் என்று ஊரில் சொல்லியிருப்போம்; பிடித்தம் என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. முதல் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போ. அப்பாவை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டு. கரும்பு வெட்டிக் கூலிக் கணக்குப் பார்த்தவருக்கு முன்பணம், பிடித்தம் எல்லாம் உன்னைவிட நன்றாகவே புரியும். "மாதம் ஐந்தாம் தேதி 5,000 வரும், அதற்கு மேல் இந்த வருடம் முடியாது" என்று சொல். சில மாதம் ஏழாயிரமும் சில மாதம் மூன்றாயிரமுமாக அனுப்புவதைவிட நிலையான ஐயாயிரம் வீட்டுக்கு நிம்மதி. தங்கை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அதை மறந்துவிடாதீர்கள்.

பணக் கணக்கு இவ்வளவுதான். வார்டுக்குள் போவோம்.

சீனியர்கள் சொல்லும் அந்த ஆறு மாதம் பொய்யில்லை. முதல் மூன்று மாதம் பயம் உன்னை நடத்தும். நான்கிலிருந்து எட்டாவது மாதம் வரைதான் பள்ளம்: வேலை ஓரளவு தெரியும், ஆகவே தனியாக விடுவார்கள்; ஆனால் எதை முதலில் செய்வது, எது காத்திருக்கலாம் என்று இன்னும் கைக்கு வந்திருக்காது. ஒரே நேரத்தில் மூன்று டிரிப் முடியும், ஒரு டிஸ்சார்ஜ் பில்லிங்குக்காக நிற்கும், டாக்டர் ரவுண்ட்ஸில் இருப்பார், ஒரு பாட்டி பெட்பேன் கேட்பார். ஓராண்டு தாண்டியவளுக்கு இதில் பாட்டிதான் முதலில் என்பது தானாகத் தெரியும். உனக்குத் தெரியாது. தெரியாததற்காக நீ இந்த வேலைக்கு லாயக்கில்லாதவள் ஆகிவிடமாட்டாய்.

முந்தைய டூட்டிக்காரரிடம் ஹேண்ட் ஓவர் வாங்கும்போது ஒரு தாளை நான்காக மடித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பெட்டி போட்டு, மணி வாரியாக என்ன மருந்து, என்ன பரிசோதனை என்று எழுதிக்கொள். கேஸ் ஷீட்டைப் பிறகு எழுதலாம் என்று தள்ளாதே. எட்டு மணிக்கு டூட்டி முடிந்து பத்து மணி வரை எழுதிக்கொண்டிருப்பவர்கள்தான் முதலில் சோர்கிறார்கள். இன்சார்ஜ் திட்டுவார். வேலையைப் பற்றித் திட்டினால் வாங்கிக்கொள், ஒரு நோட்டில் எழுதிவை, அதே தவறு மறுபடி வராது. உன் ஊரை, நிறத்தை, அப்பாவின் தொழிலைச் சொல்லித் திட்டினால் அது வேறு; தேதி போட்டு எழுதி நர்சிங் சூப்பரின்டென்டெண்டிடம் கொடு. டாக்டரோ உடன் வேலை செய்பவரோ நோயாளியின் உறவினரோ தவறாக நடந்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும்.

முதல் சாவு வரும். எனக்கு வந்தது ஒரு பத்தொன்பது வயதுப் பையன், பூச்சிமருந்து குடித்தவன். மூன்று நாள் நான்தான் பார்த்தேன். போனதும் அழுக்குத் துணி போடும் அறைக்குள் ஓடிவிட்டேன். சீனியர் சிஸ்டர் பின்னாலேயே வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வா, அவன் அம்மா உள்ளே வருவதற்குள் முகத்தைத் துடைத்து, தலையைச் சீவிவிடுவோம்" என்றார். இருவரும் சேர்ந்து செய்தோம். அந்த அம்மா வந்து, "தூங்குகிற மாதிரியே இருக்கிறானே" என்றார். அன்று இரவு நான் தூங்கினேன். செய்ய ஒரு வேலை மிச்சமிருப்பது எவ்வளவு பெரிய துணை என்று அந்த சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது.

சோர்வு எது, வெறுப்பு எது என்று பிரித்துப் பார்க்கப் பழகு. கிறிஸ்டினா மஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் மூன்று பகுதிகள்: உள்ளம் வற்றிப்போவது, மனிதரை மனிதராகப் பார்க்காமல் போவது, நான் செய்வதில் ஒன்றுமில்லை என்று தோன்றுவது. நம் வார்டு மொழியில் சொல்கிறேன். நோயாளியை "பன்னிரண்டாம் பெட்" என்று எல்லாரும்தான் சொல்கிறோம், அது வசதிக்காக. நாள் முழுவதும் பார்த்துவிட்டு அவர் பெயர் என்னவென்று யோசித்தாலும் வராமல், வராததைப் பற்றிக் கவலையும் இல்லாமல் போனால் அதைக் கவனி. அழைப்பு மணி அடித்ததும் முதலில் எரிச்சல் வருகிறதா? இரண்டு நாள் ஆஃப் எடுத்தும் மூன்றாம் நாள் காலை வயிறு பிசைகிறதா? சாதாரணக் களைப்பு தூங்கினால் போகும், இது போகாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோயாக வகைப்படுத்தவில்லை, வேலையிடத்தில் சமாளிக்கப்படாத அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்தது. அந்த வரையறை எனக்குப் பிடிக்கும். பழியைச் செவிலியரின் மனத்தின்மேல் போடாமல் வேலையிடத்தின்மேல் போடுகிறது.

ஏனென்றால் இதில் பாதி எண்ணிக்கைக் கணக்கு. பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. இரவில் ஒருத்தி பதினைந்து பேரைப் பார்ப்பதை நீயே பயிற்சிக் காலத்தில் பார்த்திருப்பாய். பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுகின்றன. ஆகவே தியானம் செய், பாட்டுக் கேள் என்று யாராவது கருத்தரங்கில் சொன்னால் கேட்டுக்கொள், கெடுதல் இல்லை. ஆனால் பதினைந்து நோயாளி என்பது தியானத்தில் பத்தாகாது.

அதனால்தான் சேருவதற்கு முன்பே கேட்கச் சொல்கிறேன்: வார்டில் இரவில் எத்தனை பேருக்கு ஒருவர்? தனியாக விடுவதற்கு முன் எத்தனை வாரம் சீனியருடன் போடுவீர்கள்? டபுள் டூட்டிக்குக் காசா, மாற்று ஆஃபா? நேர்காணலில் கேட்கத் துணிவில்லை என்றால், மாலை டூட்டி முடிந்து வெளியே வரும் பிள்ளைகளை வாசல் டீக்கடையில் பிடித்துக் கேள். நேர்காணலில் கிடைக்காத உண்மை அங்கே கிடைக்கும். ஒப்பந்தப் பத்திரம் நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. அசல் சான்றிதழ்களை ஒருநாளும் கொடுக்காதே. சரிபார்க்கக் காட்டு, கையோடு வாங்கிக்கொள். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருளல்ல, அதைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி ஒன்று. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பதுக்கும் குறைவான படுக்கை உள்ள இடத்திலும் 20,000-க்குக் குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அந்த மாநில அரசுச் செவிலியருக்கு நிகரான சம்பளம் என்று அது பரிந்துரைத்தது. உன் மருத்துவமனை 250 படுக்கை. 18,000 என்பது எவ்வளவு குறைவு என்று இதிலிருந்தே தெரியும். பரிந்துரையைக் காட்டி உன்னால் இன்று சண்டை போட முடியாது. ஆனால் "புதியவளுக்கு இதுவே அதிகம்" என்று யாராவது சொன்னால் நம்பாமல் இருக்கலாம்.

நைட் டூட்டி. புத்தகத்தில் இதைச் சொல்லித் தருவதில்லை. முதல் இரவுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது படு. சோற்றை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள். இரண்டு மணிக்குப் பசித்தால் இட்லியோ பழமோ; யாரோ வரவழைக்கும் பிரியாணி வேண்டாம், மூன்று மணிக்குக் கண் சொருகும். டீயும் மூன்று மணியோடு சரி, அதற்குப் பிறகு குடித்தால் பகல் தூக்கம் போய்விடும். காலையில் நேரே அறைக்குப் போ. வங்கி வேலை, துணி துவைப்பது எல்லாம் தூங்கி எழுந்த பிறகு. விடுதியில் நைட் டூட்டிப் பிள்ளைகளை ஒரே அறையில் போடச் சொல்லிக் கேளுங்கள். காசு செலவில்லாத ஏற்பாடு, வார்டன் மறுக்க மாட்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. இரவு முடிந்து ஸ்கூட்டர் ஓட்டாதே, பஸ்ஸில் போ. தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டுமே என்று குடிக்காமல் இருப்பார்கள் நம் பிள்ளைகள். அதனால் சிறுநீர்த் தொற்றோடு ஆண்டுக்கு நான்கு முறை மாத்திரை சாப்பிடுவார்கள். அடக்காதே. இன்னொன்று: வேலையை விடலாமா என்ற முடிவை நைட் வாரத்தில் எடுக்காதே. நைட் ஆஃப் முடிந்து மூன்றாவது நாள் மாலையிலும் விட வேண்டும் என்றே தோன்றினால் அப்போது யோசி. அப்படித் தோன்றி, தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் 14416-க்குப் பேசு. டெலி-மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

ஊசி குத்திக்கொண்டால் மறைக்காதே. புதிதாகச் சேர்ந்தவர்கள் திட்டுக்குப் பயந்து மறைப்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவு, பிதுக்காதே, உடனே அவசரப் பிரிவுக்குப் போய்ப் பதிவு செய். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டிருக்கிறாயா என்று இப்போதே பார்.

பிறகு என்ன? இரண்டு வருடம் ஒரே இடத்தில், முடிந்தால் அதில் ஒரு வருடம் ஐ.சி.யு.வில் இருந்துவிட்டால் கதவுகள் திறக்கும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அனுபவமே தேவையில்லை. வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 30, தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900. இப்போதே எழுதத் தொடங்கு. மாநில அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) வழியாகப் போனால் முதலில் தொகுப்பூதியம், நிரந்தரமாக வருடக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம் என்று தெரிந்தே போ. 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள் 2017-இல் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் அது ஏறியது. வெளிநாடு என்றால் மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். மூன்று லட்சம் கேட்பவனிடம் எழுந்து வந்துவிடு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து இருக்கிறது. முதலில் அங்கே பெயரைப் பதி.

கடைசி வரிக் கேள்விக்கு வருகிறேன். தங்கம் வேண்டாம். அம்மாவுக்கு ஒரு புடவை எடு, ஐந்நூறு அறுநூறில். உனக்கு நல்ல ஷூ ஒன்று வாங்கு. முன்பக்கம் மூடியதாக, அடி தடித்து, ஈரத் தரையில் வழுக்காததாக. கடைக்கு மாலையில் போ. நாள் முழுவதும் நின்று கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்தால்தான் அளவு சரியாக இருக்கும்.